கொப்பரையோடு காய்ந்த செல்கள்

முப்பது வயதைக் கடந்த கையோடு 'ஓய்வு பெற்றவர்' என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்களும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"ரிட்டயர்டு அக்கா, நீங்க பாத்த சோலிய ஒண்ணு எழுதித் தாங்க. லதா சேச்சிகிட்ட கேட்டா, 'என்கிட்ட என்னத்துக்குக் கேக்குதிய, போர்டுகிட்ட கேளுங்க'ண்ணு சொல்லுதாவ" என்று போனில் சொன்னார்கள். எழுதலாமா, எழுத எனக்கு என்ன தகுதி என்று சில நாள் தயங்கினேன். பிறகு, எழுதாமல் விட்டால் அவர்கள் எதையாவது தப்பாகச் செய்துவிடுவார்களோ என்ற பயம் வந்தது. அதனால் எழுதுகிறேன். மகன் தூங்கும் நேரத்தில் எழுதுவது. நடுநடுவே எழுந்து போய் அவனைப் பார்த்துவிட்டு வருவதால் கோர்வை விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பட்டறை கேரள எல்லையில் உள்ள பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. பழைய கணினிகளைப் பழுதுபார்ப்பதுதான் அங்கே வேலை. பழையது என்றால் ஐந்தாறு வருடம் பழையது அல்ல; நான் பிறப்பதற்கு முன்பே செய்தவை. அவற்றின் உள்ளே, மின்சாரம் இல்லாத நேரத்திலும் தேதியை மறக்காமல் இருப்பதற்காக ஒரு சின்ன பேட்டரி இருக்கும். இருபது முப்பது வருடத்தில் அது கசியும். கசிவது அமிலத்துக்கு எதிரான காரம். அது கணினியின் சுற்றுப்பலகையான போர்டில் ஓடும் தலைமுடி கனச் செம்புக் கோடுகளைத் தின்னும். எங்களிடம் வருபவற்றில் முக்கால் பங்கு இந்தக் கேஸ்தான். சேர்த்துவைப்பதில் ஆசையுள்ளவர்கள் தூர ஊர்களிலிருந்து கூரியரில் அனுப்புவார்கள். பாலராமபுரத்தில் புடவைக் கரைக்குப் பூ வரையும் ஒருவர் போல, அந்தப் பழைய இயந்திரத்தை வைத்தே இன்றும் பிழைப்பவர்களும் உண்டு.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். நல்ல மார்க். அதன்பின் ஒரு மொபைல் கடையில் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஒருநாள் ஒரு போனைச் சரிசெய்து கொடுத்த பிறகு, வாடிக்கையாளர் படியிறங்கியதும் பின்னாலேயே ஓடிப்போய் "ஒருக்கா தாங்க, திரும்பவும் பாத்துட்டுத் தாறேன்" என்று வாங்கிவந்தேன். கடைக்காரருக்குக் கோபம். அந்த வாடிக்கையாளர்தான் பட்டறையை நடத்தும் லதா சேச்சி. "இந்தக் குணத்துக்கு நம்ம இடத்துல சோலி உண்டு, வாறியா?" என்று கேட்டார். இதுவே என் பயிற்சிக் காலத்தின் முழுக்கதை.

லதா சேச்சி கொல்லயில் ஊர்க்காரர். நாற்பது தாண்டியவர். பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவார். திட்டுவது மட்டும் முழுக்கத் தமிழில். ஒரு இயந்திரம் வந்தால் திருகாணியைத் தொடமாட்டார். முதலில் மூடியில் உள்ள காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். "மீன் சந்தை" என்றால் மின்தேக்கி கசிந்திருக்கிறது. மணமே இல்லையென்றால்தான் அவர் முகம் கவலையாகும். அடுத்து, கொண்டுவந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, கீழேயிருந்து டீயும் பன்னும் வரவழைப்பார். "என்ன கேடு?" என்று கேட்கமாட்டார். "கடைசியா நல்லா ஓடினது எப்போ? அதுக்கப்புறம் இதுக்கு என்னென்ன செய்துகொடுத்திய?" என்றுதான் கேட்பார். அவர்கள் என்ன சொன்னாலும், எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும், "கொள்ளாம்" என்பார்; 'நல்லது' என்று அர்த்தம். ஆள் போனதும் நாங்கள் சிரித்தால் அதட்டுவார். "இவருகிட்ட மூஞ்சி சுளிச்சா அடுத்த ஆளு கள்ளம் சொல்லுவான். கள்ளம் சொன்னா நாம போர்டு முழுக்கத் தேடணும்."

உதாரணத்துக்கு ஒன்று. நெய்யாற்றின்கரையிலிருந்து ஒருவர் பழைய விளையாட்டுக் கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். பேட்டரிக் கசிவுக்கு வினாகிரி, அதாவது வினிகர், நல்லது என்று எங்கோ படித்திருக்கிறார். அது சரிதான். காரத்தை அடக்கப் புளிப்பு வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் வெள்ளை வினாகிரியைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். இவர் வீட்டில் காந்தாரி மிளகாய் ஊறப்போட்டிருந்த கள்ளு வினாகிரியை அப்படியே ஊற்றிவிட்டார். மூடியைத் திறந்தோம். போர்டின் மேல் எறும்புகள் பட்டாளம்போல வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு சிப்பின் கீழ் முட்டையும் இட்டிருந்தன. "மிளகாய எடுத்துட்டுதான் ஊத்தினேன்" என்றார் அவர். சேச்சி முகம் மாறாமல் "கொள்ளாம்" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ரயில் எதுவும் வரவில்லை.

புதிய பெண்களுக்காக எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பேட்டரியை எடுத்து வெளியே வையுங்கள். பிறகு படம் எடுங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதை, முகமூடி போட்டுக்கொண்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்; ஊதாதீர்கள். வினாகிரி தொட்டால் நுரைக்கும். நுரை நிற்கும்வரை சொட்டுங்கள், நின்றதும் நிறுத்துங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, ஆல்கஹாலில் கழுவி, மின்விசிறிக்கு முன்னால் சாய்த்துவையுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு செம்புக் கோட்டிலும் இந்த முனையில் ஒன்று அந்த முனையில் ஒன்றாக மீட்டரின் ஊசிகளை வையுங்கள். 'பீப்' என்றால் கோடு உயிரோடு இருக்கிறது. சத்தம் வராவிட்டால் பக்கத்திலேயே மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். எல்லாம் முடிந்தாலும் "சரியாயிற்று" என்று சொல்லக்கூடாது. "இப்போதைக்கு ஓடுகிறது" என்றுதான் சொல்ல வேண்டும். அது சேச்சியின் சட்டம். என்னைப் போன்றவளுக்கு அந்தச் சட்டம் ஒரு பெரிய ஆறுதல்.

இனி ரூபி டீச்சரின் இயந்திரத்தைப் பற்றி.

அப்போது மகன் என் வயிற்றில் இருந்தான். ஈயப்புகை ஆகாது என்று நான் சொல்வதற்கு முன்பே சேச்சி என் கையிலிருந்து சால்டரிங் அயர்னைப் பிடுங்கிவிட்டார். "இனி இது தொடண்டா. நீ மீட்டர் பிடி, எங்க வைக்கணும்ணு சொல்லு. வைக்கது நான்." அப்படி ஆளுக்குப் பாதியாக வேலை நடந்தது.

ஒருநாள் காலையில் ராஜமணி அண்ணன் என்பவர் ஆட்டோவில் கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே ஒரு பழைய கணினியை வைத்துக்கொண்டு வந்தார். குன்னத்துகால் பக்கம் கொப்பரை வியாபாரம். கணினி அவருடைய தங்கை ரூபி டீச்சருடையது. டீச்சருக்குப் பார்வை கிடையாது. வீட்டிலிருந்து பிரெயில் புத்தகங்கள் அடிப்பவர். காகிதத்தில் புள்ளிகளைக் குத்தி எழுப்பும் இயந்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. அது பேசுவது இந்தக் கணினியின் உள்ளே செருகிய ஒரு அட்டை வழியாக மட்டும்தான். இப்போதைய கணினிகளில் அந்த அட்டையைச் செருக இடமே இல்லை.

"இது இல்லாட்டா அந்தக் கொச்சு ஹாஸ்டலுக்குப் போணும்" என்றார் அண்ணன், டீயைத் தொடாமல்.

கொச்சு, அதாவது குழந்தை, என்றது அபிஷாவை. டீச்சருக்குப் பக்கத்து வீட்டுப் பெண். ஆறாம் வகுப்பு, அவளுக்கும் பார்வை இல்லை. எல்லையோரத் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறாள். கேரளப் பாடத்தைத் தமிழில் பிரெயிலாக அடித்துத் தருவதற்கு அவர்களுக்குத் தெரிந்து வேறு ஆளே இல்லை. அபிஷாவின் அம்மா பாடத்தை வாசிக்க, டீச்சர் தட்டச்சு செய்ய, அதை வைத்துத்தான் அவள் படித்துவந்தாள். இரண்டாம் பருவப் புத்தகம் வராவிட்டால், வசதியெல்லாம் உள்ள ஒரு தூரத்து விடுதிப் பள்ளியில் சேர்ப்பது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அம்மா அழுகிறாள், பிள்ளை சாப்பிடவில்லை என்றார் அண்ணன். நான் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

சேச்சி மோந்து பார்த்தார். மணம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அண்ணே, கடைசியா எப்போ நல்லா ஓடிச்சு?"

"ஓணத்துக்கு ஓடிச்சு."

"அதுக்கு என்னெல்லாம் செய்துகொடுத்திய?"

"ஒண்ணும் செய்யல்ல. செல் மட்டும் எடுத்து வெயிலத்து வச்சிட்டு இடுவேன்."

அந்தக் கணினியில் பேட்டரி போர்டில் ஒட்டியிருக்கவில்லை. டார்ச் லைட்டுக்குப் போடும் பென்சில் செல் நான்கை ஒரு சின்னப் பெட்டியில் அடுக்கி, கணினியின் உட்சுவரில் ஒட்டியிருந்தார்கள். அண்ணன் ஒவ்வொரு வருடமும் அவற்றைக் கழற்றி, மொட்டைமாடியில் கொப்பரையோடு காயவைத்து, சூடு ஏறியதும் துடைத்துத் திரும்பப் போட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் இதைச் செய்யாத வீடு எது? ரிமோட் செல்லைக் கடித்துப் பார்ப்பதும், வெயிலில் வைப்பதும் நாங்கள் எல்லோரும் செய்ததுதான். உயிர் கொஞ்சம் திரும்பும். ஆனால் சூடு ஏறஏற உறை நெகிழ்ந்துபோகும்.

"எத்தன வருசமா இதே செல்லு?" என்று சேச்சி கேட்டார்.

"நல்ல செல்லாக்கும்! கெடல்லேல்லா, அதான் மாத்தல்ல."

"கொள்ளாம்" என்றார் சேச்சி.

திறந்தோம். செல்களிலிருந்து கசிந்தது கம்பியின் உறைக்குள்ளேயே இறங்கி, சுவர் வழியாகவும் வழிந்து, போர்டின் ஓரத்தைப் பிடித்திருந்தது. விசைப்பலகை செருகும் இடம் பச்சையாக இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் அட்டைகள் செருகும் நீளமான ஸ்லாட்டுகள். கடைசி ஸ்லாட்டின் ஓரம் கறுத்திருந்தது. நான் மீட்டரைப் பிடித்தேன். சத்தம் வராத கோடுகளை நான் காட்ட, சேச்சி கம்பி வைத்தார். கணினி எழுந்தது. எழுத்துகள் திரையில் அழகாக வந்தன. கடைசி ஸ்லாட்டின் கோடுகளையும் ஒன்றுவிடாமல் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் 'பீப்' என்றன. எனக்குத் திருப்தி இல்லை. மறுபடி தொட்டேன்.

"போதும், எடி. மீட்டருக்கே தொண்ட கட்டிரும்" என்றார் சேச்சி. "அண்ணனக் கூப்பிட்டுக் கொடுத்துரு."

"சேச்சி, அந்த அட்டைய நாம ஓட்டிப் பாக்கல்லியே. புள்ளி குத்துற இயந்திரம் அவிய வீட்டுலல்லா இருக்கு."

"அப்ப?"

"நானும் கூடப் போயி ஒரு பக்கம் அடிச்சுப் பாத்துட்டு வாறேன்."

"வயித்துல பிள்ளைய வச்சிட்டு ஆட்டோல குலுங்கப் போறியாக்கும்?" என்று திட்டிவிட்டு, தன் ஸ்கூட்டர் சாவியையும் கருவிப் பையையும் எடுத்தார். ஸ்கூட்டரில் குலுக்கம் குறைவா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று வழியெல்லாம் யோசித்தேன்.

டீச்சர் வீட்டு முன்னறையில் எல்லாவற்றையும் இணைத்தோம். ஸ்கூல் விட்டு வந்த யூனிஃபாரத்தோடு அபிஷா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அம்மா வாசிக்க, டீச்சர் முதல் பாடத்தின் முதல் பக்கத்தை அடித்தார். திரையில் எந்தத் தவறும் இல்லை. இயந்திரம் தடதடவென்று காகிதத்தைத் தள்ளியது. சேச்சி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அதற்கு அர்த்தம்: இதற்குத்தான் வந்தாயா?

அபிஷா காகிதத்தில் விரலை ஓட்டினாள். நின்றாள். திரும்ப ஓட்டினாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"டீச்சர், பாம்பக் காணல்ல. மாம்மு கெடக்கு!"

டீச்சர் வாங்கித் தொட்டுப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டாம் புள்ளி விழல்ல, மக்கா. ஒரு எழுத்துல இல்ல, பக்கம் முழுக்க. இத வச்சு எப்பிடிப் படிக்க?"

பிரெயிலில் ஒரு எழுத்துக்கு ஆறு புள்ளி. 'ப'வில் இரண்டாம் புள்ளி விழாவிட்டால் அது 'ம' ஆகிவிடும். அந்த அட்டைக்கு ஆறு புள்ளிக்கும் ஆறு கோடுகள். அதில் ஒன்று செத்திருந்தது. நான் தொட்டபோது 'பீப்' என்றதே! கணினியை அணைத்துவிட்டு அதே ஸ்லாட்டில் மீட்டரை வைத்தேன். 'பீப்' என்றுதான் சொன்னது.  அபிஷாவின் சிரிப்பும் நின்றுபோயிருந்தது. "அப்ப நான் போணுமா?" என்று யாரிடம் என்று இல்லாமல் கேட்டாள்.

சேச்சி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எடி, நீ ஊசிய எப்பிடி வைக்கே? பயந்தவ மாதிரி அமுக்கி வைக்கே. விட்டுப் பிடி."

அழுத்தாமல் விட்டுப் பிடித்தேன். சத்தம் இல்லை. அழுத்தினேன். 'பீப்'. கோடு முழுக்க அற்றுப்போகவில்லை; கண்ணுக்குத் தெரியாத கீறலாக விட்டிருந்தது. அழுத்தினால் சேரும், கையை எடுத்தால் விலகும். ஆனால் எந்த இடத்தில்? அந்தக் கோடு ஸ்லாட்டின் பிளாஸ்டிக்குக்கு அடியில் நுழைந்து, வளைந்து, பக்கத்து ஸ்லாட்டுக்குப் போகிறது. ஸ்லாட்டையே பெயர்த்தால் மற்ற கோடுகள் போய்விடலாம்.

மீட்டரைக் கீழே வைத்து, கணினியை மறுபடி போட்டுவிட்டு, அங்கிருந்த பென்சிலைத் திருப்பிப் பிடித்தேன். "டீச்சர், ரெண்டாம் புள்ளி மட்டும் வாற மாதிரி வரிசையா அடிச்சுட்டே இருங்க. அபிஷா, நீ பேப்பரத் தொட்டுட்டே நில்லு. புள்ளி வந்தா உண்டுண்ணு சொல்லு. வராட்டா இல்லண்ணு சொல்லு."

இயந்திரம் அடிக்கத் தொடங்கியது. நான் பென்சிலின் அடிமுனையால் போர்டை ஓரத்திலிருந்து மெதுவாக அழுத்திக்கொண்டு வந்தேன்.

"இல்ல... இல்ல... இல்ல..."

கொஞ்சம் உள்ளே.

"இல்ல... உண்டு! இல்ல. உண்டு. உண்டு. உண்டு!"

"கத்தாத பிள்ளே, பக்கத்துல தானே நிக்கேன்" என்றார் சேச்சி. அவர் குரலும் உரக்கத்தான் இருந்தது. ஸ்லாட்டின் முனையை ஒட்டி, கறுப்பு முடியும் இடத்துக்குச் சற்று அப்பால், சுத்தமாகப் பளபளத்த ஒரு இடம். சுத்தமாக இருந்ததால்தான் நாங்கள் இருவருமே அதைச் சந்தேகப்படவில்லை. காரம் போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போயிருந்தது.

மின்சாரத்தை நிறுத்தினோம். என்னை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, சேச்சி போர்டைக் கவிழ்த்து, அடிப்பக்கமாக, ஸ்லாட்டின் உலோகக் கால்களுக்கிடையே ஒரு கம்பியை வைத்தார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று, "அடுத்த கால்ல இல்ல சேச்சி, இந்தப் பக்கத்துக் கால்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "தெரியும், தெரியும்! வாயில துணி வையி" என்று பதில் வந்தது.

மறுபடி அதே பக்கத்தை அடித்தார்கள். அபிஷா முதல் வரியை வாசித்தாள். பாம்பு இருந்தது. அடுத்த வரியை வாசித்தாள். நிறுத்தச் சொன்னால்கூட நிறுத்துவதாக இல்லை. பக்கத்தின் கடைசிவரை உரக்க வாசித்துவிட்டு, "அடுத்த பக்கம் எங்க?" என்று டீச்சரைக் கேட்டாள். அவளுடைய அம்மா புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.  தண்ணீர் குடித்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"சரியாச்சா?" என்று ராஜமணி அண்ணன் கேட்டார்.

"இப்போதைக்கு ஓடுது" என்றோம் நாங்கள் இருவரும் ஒன்றாக.

அந்த நான்கு செல் பெட்டியை நான் திரும்ப உள்ளே வைக்கவில்லை. நாணயம்போல வட்டமான சின்ன பேட்டரி ஒன்றை, நீளமான கம்பியோடு, கணினிக்கு வெளியே பின்பக்கத்தில் ஒரு சின்ன மூடிப்பெட்டியில் வைத்தேன். இனி ஏதாவது கசிந்தாலும் மேசையில் சொட்டட்டும், போர்டில் வேண்டாம் என்பது என் யோசனை. அதுதான் என் கடைசி வேலை. அதற்கடுத்த மாதங்களில் மருத்துவர் படியேறக்கூடாது என்றார். மகன் பிறந்தான். திரும்பிப் போகலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். ஒவ்வொரு வாரமும் ஒரு சளி வரும். வருத்தமில்லை. அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கும்போது, வேறு எங்கும் இருக்க எனக்குத் தோன்றியதில்லை.

ஆனால் ஒன்றுமட்டும் என்னை விடவில்லை. நாணய பேட்டரியைக் குழந்தை விழுங்கினால், ஈரம் பட்டதும் தொண்டையிலேயே காரம் உண்டாகி அரிக்கும் என்று படித்தேன். செம்பைத் தின்னும் அதே காரம். எங்கள் வீட்டு ரிமோட், பொம்மை, எடை பார்க்கும் கருவி எல்லாவற்றுக்கும் டேப் சுற்றினேன். டேப்பைப் பிரித்துத்தான் டிவி போட வேண்டும் என்று கணவர் கேலி செய்தார். அப்புறம் நினைவு வந்தது. ரூபி டீச்சர் வீட்டில் நான் வைத்த அந்தப் பெட்டியின் மூடி வெறும் அழுத்து மூடி! மேசை உயரத்தில்! டீச்சரிடம் படிக்க இப்போது சின்னப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்று சேச்சி சொல்லியிருந்தார்.

போன மாதம் ஒரு திருகாணியும் ஸ்க்ரூ டிரைவரும் புதிய பேட்டரி ஒன்றும் எடுத்துக்கொண்டு, மகனையும் தூக்கிக்கொண்டு குன்னத்துகாலுக்குப் போனேன். அபிஷா முன்னறையில் இருந்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. அதே தமிழ்ப் பள்ளிதான். அலமாரி முழுக்கத் தடித்தடியான பிரெயில் புத்தகங்கள். அவளிடம் நான் ரொம்ப நாளாக நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். அந்த விடுதிப் பள்ளிக்குப் போயிருந்தால் இதைவிட நன்றாகப் படித்திருப்பாளோ?

"அக்காவுக்கு வேற சோலி இல்லியா?" என்றாள். "அங்க போயிருந்தா எங்க அம்மைக்க வாயில இருந்து ஒம்பதாங்கிளாஸ் கணக்கு கேட்டிருப்பேனா? வாசிச்சு வாசிச்சு அம்மையும் இப்ப பாசாயிருவா."

கணினியின் பின்பக்கம் போனேன். மூடி திறந்திருந்தது. உள்ளே பேட்டரி இல்லை.  மகனைத் தேடினேன், என் இடுப்பில்தான் இருந்தான். அப்போது மாடிப்படியில் ராஜமணி அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"பிள்ளே, எப்போ வந்த? அந்த வட்டச் செல்லையா தேடுதே? மேல கொப்பரகூட வச்சிருக்கேன். உச்சி திரும்பினதும் எடுத்து இடணும்."

"அண்ணே!"

"என்ன அண்ணே? தேதி ஒருநாள் பின்னால போச்சு, அதான்."

அவரோடு மாடிக்குப் போனேன். பாய் நிறையக் கொப்பரை. ஓரத்தில், வெயிலில் மின்னிக்கொண்டு அது. நான் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, புதியதை மாட்டி, மூடியில் திருகாணியை முடுக்கினேன். ரூபி டீச்சர் வந்து அதன் தலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இனி அண்ணனால தொறக்க முடியாதுல்லா?"

"ஸ்க்ரூ டிரைவர் வேணும் டீச்சர்."

"எங்க வீட்டுல இல்ல" என்றார் டீச்சர். அண்ணன் எங்கோ பார்த்தார்.

விடைபெற்றுக்கொண்டு முற்றம் தாண்டினேன். கேட்டைத் திறந்தேன். மகன் கையாட்டினான். பிறகு, "ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போய், திருகாணியை ஒருமுறை முடுக்கிப் பார்த்தேன். அசையவில்லை.